கறுப்பினப் பெண்களும் இனவெறி தரும் மன அழுத்தமும்: உற்றார் துணை எவ்வாறு உதவுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்வி பதில்கள் அமெரிக்காவில் வாழும் கறுப்பினப் பெண்களைப் பற்றியவை. இங்கே ‘மன அழுத்தம்’ என்னும் சொல், நெருக்கடி ஒன்று உடலிலும் உள்ளத்திலும் உண்டாக்கும் இறுக்கத்தைக் குறிக்கிறது. மருத்துவர்கள் நோயாகக் கருதும் நிலைக்கு ‘மனச்சோர்வு’ என்ற சொல் பயன்படுத்தப்பட்டுள்ளது. தமிழில் இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது பழக்கமாகிவிட்டதால் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

இனவெறி சார்ந்த மன அழுத்தம் என்று எதைச் சொல்கிறார்கள்?

வேலைப்பளு, கடன், நோய் ஆகியவை யாருக்கும் அழுத்தம் தரக்கூடியவை. இவற்றோடு, ஒருவருடைய இனத்தின் பொருட்டு மட்டுமே வந்து சேரும் அழுத்தம் ஒன்று உண்டு. உளவியலாளர் ஷெல்லி ஹாரெல் 2000ஆம் ஆண்டில் அதை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டினார். வேலை மறுக்கப்படுவது, காவலர் நிறுத்தி விசாரிப்பது போன்ற பெரிய நிகழ்வுகள் ஒரு வகை. தம் இனத்தவர் வேறொருவருக்கு நேர்ந்ததைக் கண்டும் கேட்டும் அடையும் வேதனை இன்னொன்று. அன்றாடச் சிறு அவமதிப்புகள், ஒதுக்கப்பட்ட குடியிருப்பு போன்ற மாறாத சூழல், இனம் முழுவதற்கும் நேர்ந்ததாக உணரப்படும் கூட்டு அனுபவம், தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் வரலாற்றுக் காயம் ஆகியவை மற்றவை.

இவற்றுள் அன்றாட அவமதிப்புகள்தாம் பேசுவதற்கு மிகவும் கடினமானவை. கடைக்குள் நுழைந்தது முதல் பின்தொடரும் காவலாளி, கூட்டத்தில் தான் சொன்னபோது யார் காதிலும் விழாத கருத்து அடுத்த நிமிடம் வேறொருவர் வாயிலிருந்து வரும்போது பெறும் பாராட்டு, அனுமதி கேளாமல் தலைமுடியைத் தொட்டுப் பார்க்கும் கை என்று பட்டியல் நீளும். ஹார்வர்டு மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970இல் இவற்றுக்கு ‘நுண்தாக்குதல்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஒவ்வொன்றும் தனித்தனியே மிகச் சிறியதாக இருப்பதால், புகார் சொல்பவரே அற்பமானவராகத் தோன்றிவிடுகிறார். பட்ட அவமதிப்போடு, அது உண்மையில் நடந்ததா என்ற ஐயத்தையும் சேர்த்துச் சுமக்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது. துணை என்பது எங்கே தேவைப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஐயத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கறுப்பின ஆண்களும் இதே இனவெறிக்கு ஆளாகிறார்களே, பெண்களை மட்டும் தனியாகப் பேசுவது ஏன்?

ஆளாகிறார்கள் என்பது உண்மை. காவல்துறையின் வன்முறையில் அவர்களுடைய இழப்பு மிகப் பெரியது. ஆனால் பெண்களுக்கு நேர்வதை இனத்தின் கணக்கிலும் பாலினத்தின் கணக்கிலும் தனித்தனியே எழுதிக் கூட்டினால் விடை சரியாக வராது. இதற்கு ஒரு நீதிமன்ற வழக்கே சான்று. 1964க்கு முன் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஒரு தொழிற்சாலையில் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததில்லை. பின்னர் 1970களின் பொருளாதாரச் சரிவில், கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் நீக்கும் விதியின்படி ஆட்குறைப்பு நடந்தபோது, அவர்களே முதலில் வேலையிழந்தார்கள். எம்மா டிகிராஃபென்ரீட் உள்ளிட்ட ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கில் 1976இல் தீர்ப்பு வந்தது. நிறுவனம் பெண்களை (அதாவது வெள்ளையினப் பெண்களை) வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை என்றும், இனப் பாகுபாட்டையும் பாலினப் பாகுபாட்டையும் இணைத்துப் புதியதொரு பிரிவை உருவாக்க இயலாது என்றும் நீதிமன்றம் கருதியது. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இந்த வழக்கை எடுத்துக்காட்டித்தான், இரு பாகுபாடுகள் குறுக்கிடும் இடத்தில் தனி வகைப் பாதிப்பு உண்டாகிறது என்னும், ‘குறுக்குவெட்டுத்தன்மை’ என்று இன்று அறியப்படும் கருத்தை முன்வைத்தார்.

இந்த அழுத்தம் உடலைப் பாதிக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு. ஆபத்தை எதிர்கொள்ளும்போது உடல் கார்டிசால் போன்ற சுரப்புகளை வெளியிட்டு, இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் உயர்த்தித் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது. ஆபத்து நீங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ஆனால் எந்த நேரத்தில் எந்தத் திசையிலிருந்து அவமதிப்பு வருமோ என்று நாள்தோறும் விழிப்போடு இருக்கும் உடலுக்கு அப்படித் திரும்ப அவகாசம் கிடைப்பதில்லை. பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆர்லின் ஜெரோனிமஸ் 1992இல், வெயிலிலும் மழையிலும் நின்று தேயும் பொருளைப் போல இவர்களுடைய உடல் வயதை மீறித் தேய்கிறது என்ற கருத்தை வெளியிட்டார்.

படிப்பும் வருமானமும் இருந்தால் தப்பிக்கலாம் என்று தோன்றும். 2007 முதல் 2016 வரையிலான அமெரிக்க அரசுத் தரவுகள் அதற்கு இடம் தரவில்லை. பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் கர்ப்பகால இறப்பு விகிதம், பள்ளிப் படிப்பையே முடிக்காத வெள்ளையினப் பெண்களின் விகிதத்தைவிட 1.6 மடங்காக இருந்தது. 2023இல் ஒரு லட்சம் பிரசவங்களுக்குக் கறுப்பினத் தாய்மார் 50.3 பேரும், வெள்ளையினத் தாய்மார் 14.5 பேரும் உயிரிழந்தனர். இந்த வேறுபாடு முழுவதையும் மன அழுத்தத்தின் மேல் ஏற்றிவிட முடியாது. மருத்துவமனையின் தரம், காப்பீடு, வலியைச் சொன்னாலும் நம்பப்படாத நிலை ஆகியவையும் இதில் கலந்திருக்கின்றன.

சமூக ஆதரவு என்றால் ஆறுதல் சொல்வதுதானே?

ஆறுதல் அதில் ஒரு பகுதி. குழந்தையைப் பார்த்துக்கொள்வது, பணம் தந்து உதவுவது, மருத்துவமனைக்குக் காரில் அழைத்துச் செல்வது போன்ற கைகொடுத்தல் இன்னொரு பகுதி. எந்த மருத்துவரிடம் போகலாம், புகாரை எப்படி எழுதுவது, எந்த மேலாளரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பன போன்ற தகவல்களும் ஆதரவுதான். நான்காவதாக, நடந்ததை எடைபோட உதவும் ஆதரவு ஒன்று இருக்கிறது. பொதுவான மன அழுத்தத்தில் அது அதிகம் பேசப்படுவதில்லை. இனவெறியைப் பொறுத்தவரை அதுவே முதன்மையானது என்பது இதை எழுதுபவரின் கணிப்பு.

அப்படியானால் ஆதரவு எந்த வழியில் வேலை செய்கிறது?

ஷெல்டன் கோஹன், தாமஸ் வில்ஸ் என்னும் இரு உளவியலாளர்கள் 1985இல் இரண்டு வழிகளைப் பிரித்துக் காட்டினார்கள். நெருக்கடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உறவுகள் சூழ வாழ்வது பொதுவாகவே உடல்நலத்துக்கு நல்லது என்பது ஒன்று. நெருக்கடி வரும்போது மட்டும் அதன் வேகத்தை உள்வாங்கிக்கொள்ளும் மெத்தையைப் போல ஆதரவு செயல்படுகிறது என்பது மற்றொன்று.

கறுப்பினப் பெண்களின் விஷயத்தில் அந்த மெத்தை பெரும்பாலும் ஒரு கேள்விக்கான பதிலாக அமைகிறது. அலுவலகத்தில் ஏதோ நடந்துவிட்டது. மாலையில் அக்காவுக்கோ தோழிக்கோ தொலைபேசியில் அழைத்து, நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட்டு, “நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேனா?” என்று அவர் கேட்கிறார். “இல்லை, நீ பார்த்தது சரிதான், எனக்கும் போன மாதம் இதே கதைதான்” என்ற பதில் வந்தவுடன், அதுவரை தன்னையே குற்றவாளியாக்கி விசாரித்துக்கொண்டிருந்த மனம் அந்த விசாரணையை நிறுத்துகிறது. தவறு தன்னிடம் இல்லை என்று தெளிந்த பிறகுதான், மேலாளரிடம் பேசலாமா, எழுத்தில் புகார் தரலாமா, இம்முறை விட்டுவிடலாமா என்று நிதானமாக முடிவெடுக்க முடிகிறது.

இதைத் தொட்டுக்காட்டும் பழைய ஆய்வு ஒன்று உண்டு. நான்சி கிரீகர் 1990இல் வெளியிட்ட அந்த ஆய்வு கலிபோர்னியாவின் அலமேடா கவுண்டியில் நடந்தது. அதில் பங்கேற்ற கறுப்பினப் பெண்கள் 51 பேர். அநியாயமாக நடத்தப்பட்டால் அதை ஏற்றுக்கொண்டு வாய்மூடி இருந்துவிடுவதாகச் சொன்னவர்களிடம் உயர் ரத்த அழுத்தம் காணப்பட்ட வாய்ப்பு, எதிர்வினையாற்றி மற்றவர்களிடம் அதைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னவர்களோடு ஒப்பிட்டால் 4.4 மடங்காக இருந்தது. 51 பேரை வைத்துக்கொண்டு எதையும் நிறுவிவிட முடியாது. எது காரணம், எது விளைவு என்பதும் இத்தகைய ஆய்வில் தெரியாது. ஆயினும் பல ஆய்வாளர்களை அடுத்தடுத்த கேள்விகளை நோக்கித் திருப்பிய எண்களில் இதுவும் ஒன்று.

யார் யாரிடமிருந்து இந்த ஆதரவு கிடைக்கிறது?

அம்மா, பாட்டி, சகோதரிகள், அத்தைமார் ஆகியோர் முதல் வட்டம். ஆனால் ரத்த உறவோடு வட்டம் முடிவதில்லை. அடிமை முறை குடும்பங்களைப் பிரித்து விற்ற காலத்திலிருந்தே, பெற்றவள் இல்லாத குழந்தையை இன்னொருத்தி வளர்ப்பதும், உறவில்லாதவரை உறவுமுறை சொல்லி அழைத்து அந்த உறவுக்குரிய கடமைகளையும் ஏற்பதும் கறுப்பினச் சமூகத்தில் வேரூன்றியிருக்கின்றன. சமூகவியலாளர் பாட்ரிசியா ஹில் காலின்ஸ் இப்படிப்பட்ட பெண்களை ‘மற்றத் தாய்மார்’ என்ற பொருளில் குறிப்பிடுகிறார்.

தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமான ஒரு குடும்பத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. கமலா ஹாரிஸின் தாயும், சென்னையில் பிறந்து அமெரிக்காவின் பெர்க்லி சென்று ஆராய்ச்சியாளரானவருமான ஷியாமளா கோபாலன், கணவரைப் பிரிந்தபின் தம் இரு மகள்களையும் கறுப்பினச் சமூகத்தின் நடுவே வளர்த்தார். கீழ்வீட்டில் மழலையர் காப்பகம் நடத்திய ரெஜினா ஷெல்டன் என்னும் கறுப்பினப் பெண்மணி அந்தக் குழந்தைகளுக்கு இரண்டாவது தாயாக இருந்தார். 2021இல் கமலா ஹாரிஸ் துணைக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது உறுதிமொழி எடுத்த பைபிள்களில் ஒன்று ஷெல்டனுடையது.

அடுத்த வட்டம் தேவாலயம். ஞாயிறு வழிபாட்டைவிட, அதன்பின் நடக்கும் சாப்பாடும், நோயாளியின் வீட்டுக்குச் சமைத்து எடுத்துப் போவதும், வெள்ளை உடையில் முன்வரிசையில் அமரும் மூத்த ‘சபைத் தாய்மார்’ இளம்பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவதும் இங்கே முக்கியமானவை. கல்லூரிகளில் தொடங்கி வாழ்நாள் முழுதும் தொடரும் சகோதரிச் சங்கங்களும் உண்டு. ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1908இல் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1913இல் தொடங்கிய டெல்டா சிக்மா தீட்டா ஆகியவை அவற்றில் மூத்தவை; ஹாரிஸ் முதலாவதன் உறுப்பினர். இவற்றுக்கும் முன்பே, 1896இல் கறுப்பினப் பெண்கள் மன்றங்களின் தேசியக் கூட்டமைப்பு உருவாகி, மேரி சர்ச் டெரல் அதன் முதல் தலைவரானார். ‘ஏறும்போதே பிறரையும் ஏற்றிவிடுவோம்’ என்பது அதன் முழக்கம்.

முடி அலங்கார நிலையத்தை விட்டுவிடக் கூடாது. பின்னல் போட்டு முடிக்கப் பல மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் ஒரே நாற்காலியில் அமர்ந்து, தன்னைப் போன்ற முடியுடைய பெண்களோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கும் வாய்ப்பு வேறெங்கும் அவ்வளவு எளிதில் கிடைக்காது. வெளியே எந்த முடிக்காக ஒருத்தி ஏளனத்துக்கு ஆளாகிறாளோ அந்த முடி அங்கே மதிப்புக்குரியது. (இயற்கையான முடிக்காகவும் பின்னலுக்காகவும் பள்ளியிலும் பணியிடத்திலும் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் ‘கிரவுன்’ சட்டத்தைக் கலிபோர்னியா 2019இல்தான் நிறைவேற்றியது.)

பெண்கள் தாங்களாகவே திட்டமிட்டு உருவாக்கிய ஆதரவுக் குழுக்கள் உண்டா?

1983இல் பில்லி ஏவரி என்பவர் அட்லாண்டா நகரின் ஸ்பெல்மன் கல்லூரியில் கறுப்பினப் பெண்களின் உடல்நலத்துக்கென்றே முதல் தேசிய மாநாட்டைக் கூட்டினார். அதிலிருந்து வளர்ந்த அமைப்பின் அடித்தளம் சுயஉதவிக் குழுக்கள். பெண்கள் சிறு குழுவாக அமர்ந்து, மருத்துவத் தகவல்களுக்குப் போகும் முன், தம் வாழ்க்கையில் உண்மையில் என்ன நடந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதுவரை யாரிடமும் வாய்திறக்காத விஷயங்கள் அந்த அறைகளில் வெளிவந்தன. சுற்றிலும் நிலவிய மௌனத்தையே ஏவரி நோய்க்கான ஒரு காரணமாகக் கண்டார். அந்த அமைப்பு இன்று வேறு பெயரில் வாஷிங்டனிலிருந்து இயங்குகிறது.

2010இல் மார்கன் டிக்சன், வனெசா கேரிசன் இருவரும் தொடங்கிய கேர்ல்ட்ரெக், கறுப்பினப் பெண்களைச் சேர்ந்து நடக்க அழைக்கிறது. அட்லாண்டாவின் உளவியலாளர் ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்டு 2014இல் தொடங்கிய ‘தெரபி ஃபார் பிளாக் கேர்ல்ஸ்’ மனநல ஆலோசகர்களைத் தேடித் தரும் இணையப் பட்டியலையும் நடத்துகிறது.

ஆதரவு எப்போதும் பலன் தருகிறதா?

தருவதில்லை. சில ஆய்வுகளில் ஆதரவு பாதிப்பைத் தெளிவாகக் குறைத்திருக்கிறது. சிலவற்றில் பாகுபாடு மிதமாக இருக்கும்வரை உதவி, அது மிகுந்தபோது பயனிழந்திருக்கிறது. சிலவற்றில் வேறுபாடே தென்படவில்லை. அன்றாட அனுபவத்தோடு வைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. தோழியின் சொற்கள் ஒரு மாலையின் வலியைத் தணிக்கலாம். வாடகை வீடு மறுக்கப்பட்டு, பதவி உயர்வு தள்ளிப்போய், மகன் காவலரிடம் சிக்கி, எல்லாம் ஒரே ஆண்டில் நேர்ந்தால் சொற்களால் என்ன செய்ய முடியும்?

பேச்சே சுமையாவதும் உண்டு. நடந்ததையே திரும்பத் திரும்பப் பேசி, எந்த முடிவுக்கும் வராமல் எழுந்து போகும்போது, வந்ததைவிடக் கனத்த மனதோடு செல்கிறார்கள். மேலும், ஆதரவு தருபவரும் அதே இனவெறியின் நடுவே வாழ்பவர்; மற்றவரின் கதையைக் கேட்கும்போது அவருடைய காயமும் திறக்கிறது. “ஜெபம் பண்ணு, சரியாகிவிடும்” என்ற பதிலோடு பேச்சை முடித்துவிடும் தேவாலயங்களும் இருக்கின்றன. நம்பிக்கை பலருக்கு உண்மையான பலம்தான். ஆனால் ஜெபிக்கத் தெரியாததால்தான் தனக்கு மனச்சோர்வு என்று ஒருத்தி நினைக்கத் தொடங்கினால், அந்தப் பதில் அவளைத் தனிமைப்படுத்திவிட்டது என்றே பொருள்.

‘வலிமையான கறுப்புப் பெண்’ என்ற பாராட்டு ஏன் சிக்கலாகப் பார்க்கப்படுகிறது?

அது பாராட்டாக வந்து நிபந்தனையாகத் தங்கிவிடுகிறது. செவிலியரும் ஆய்வாளருமான ஷெரில் வுட்ஸ்-கிஸ்காம்பே, கறுப்பினப் பெண்களோடு நடத்திய உரையாடல்களின் அடிப்படையில் 2010இல் ஐந்து கூறுகளை அடையாளம் கண்டார். எப்போதும் வலிமையாகத் தோன்ற வேண்டும் என்ற கடப்பாடு, உணர்ச்சிகளை அடக்குவது, பிறரைச் சார்ந்திருக்க மறுப்பது, போதிய வசதியில்லாவிட்டாலும் வென்றே தீர வேண்டும் என்ற உறுதி, எல்லோருக்கும் தானே உதவ வேண்டும் என்ற பொறுப்பு ஆகியவை அவை. அந்தப் பெண்கள் இவற்றால் தமக்குக் கிடைத்த நன்மைகளையும் சொன்னார்கள். குடும்பமும் சமூகமும் நிலைத்து நின்றது இதனால்தான் என்றார்கள். கூடவே உறவுகளில் விரிசல், உறக்கமின்மை, உணர்ச்சிவசப்பட்டு உண்பது போன்ற விளைவுகளும் வெளிவந்தன.

ஆதரவைப் பற்றிய பேச்சில் இது தனிச் சிக்கலை உண்டாக்குகிறது. நாற்பது பேர் தொடர்பில் இருக்கும் பெண்ணுக்கு ஆதரவு வலையமைப்பு பெரிதாக இருப்பதாக ஒரு கணக்கெடுப்பு சொல்லும். அந்த நாற்பது பேரும் அவளிடம் உதவி கேட்பவர்களாக மட்டும் இருந்தால் அவளுக்கு அதில் மிஞ்சுவது வேலைதான். ஆகவே எத்தனை பேரைத் தெரியும் என்பதைவிட, நள்ளிரவில் யாரைக் கூச்சமின்றி எழுப்ப முடியும் என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

காணொளிகளும் சமூக ஊடகமும் உதவுகின்றனவா, காயப்படுத்துகின்றனவா?

இரண்டும் நிகழ்கின்றன. சிறு ஊரில் தனித்திருக்கும் ஒருத்திக்கு, தன்னைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் என்று காட்டும் சாளரம் கைபேசிதான். ஆனால் 2020 மார்ச்சில் பிரியோனா டெய்லர் தம் வீட்டிலேயே காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியும், மே மாதத்தில் ஜார்ஜ் ஃபிளாய்டு காவலரின் பிடியில் உயிரிழந்த காணொளியும் வந்து சேர்ந்ததும் அதே கைபேசியில்தான். 2018இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நிராயுதபாணியான கறுப்பினத்தவர் ஒருவர் காவலரால் கொல்லப்பட்ட பின் மூன்று மாதங்கள்வரை அதே மாநிலத்தின் கறுப்பினத்தவரிடையே மனநலம் குன்றியதாகத் தெரிந்தது; வெள்ளையரிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை. இணையக் குழுவில் எழுதுவதைத் தொடர்ந்தபடியே, தானாக ஓடும் காணொளிகளை நிறுத்திவைப்பது நல்லது.

குழு இருக்கும்போது மனநல ஆலோசகர் தேவையா?

உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழ்வில் பிடிப்பில்லை என்று தோன்றினாலோ கட்டாயம் தேவை. அமெரிக்காவில் மனநல நெருக்கடிக்கான உதவி எண்ணான 988ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. 1840களில் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அனார்க்கா, பெட்ஸி, லூசி உள்ளிட்ட அடிமைப் பெண்களின் உடலில் மயக்க மருந்தின்றி அறுவைச் சோதனைகள் நடத்தியதும், 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகீயில் கறுப்பின ஆண்களுக்கு மேகநோய்ச் சிகிச்சை மறுக்கப்பட்டதும் மறக்கப்படவில்லை. தம் அனுபவத்தை அடிப்படையிலிருந்து விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஆலோசகரைப் பலர் விரும்புகிறார்கள். ஆனால் அமெரிக்க உளவியலாளர்களில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 5 சதவீதமே. நல்ல ஆலோசகரின் பெயர் தோழியர் வாயிலாகவே தெரியவருவதும் இதனால்தான்.

பெண்களே தாங்கிக்கொள்ளக் கற்றுத்தருவது இனவெறிக்கு வசதியாகிவிடாதா?

நியாயமான கேள்வி. வேலைக்கு எடுக்காத நிறுவனமும், வலியை நம்பாத மருத்துவமனையும் மாறாதிருக்க, மூச்சுப்பயிற்சி சொல்லித்தருவது ஏமாற்று வேலை என்றே சொல்லலாம். ஆனால் வரலாற்றில் இந்த ஆதரவு வட்டங்கள் தாங்கிக்கொள்வதோடு நின்றதில்லை. 1896இன் மன்றங்கள் மழலையர் பள்ளிகளையும் நடத்தின, மக்களை அடித்துக் கொல்லும் கும்பல் வன்முறையையும் எதிர்த்தன. டிகிராஃபென்ரீட் வழக்கை ஐந்து பேர் சேர்ந்துதான் தொடுத்தார்கள்.

கறுப்பினத்தவர் அல்லாத தோழியோ சக ஊழியரோ என்ன செய்யலாம்?

நடந்ததை அவர் சொல்லும்போது, “அவர் அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார்” என்று தொடங்க வேண்டாம். அந்த ஒரு வாக்கியம், அவர் மனதில் ஏற்கெனவே ஓடும் விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞராக உங்களை நிறுத்திவிடும். எல்லோர் முன்பும் மௌனமாக இருந்துவிட்டு, பிறகு தனியே வந்து “எனக்கும் கஷ்டமாக இருந்தது” என்று சொல்வதும் பலருக்கு எரிச்சலூட்டுகிறது. கூட்டத்தில் அவருடைய கருத்து வேறொருவர் பெயரில் போனால், “இதை முதலில் சொன்னது இவர்” என்று அங்கேயே சொல்லலாம்.

பிரசவத்துக்கோ சிகிச்சைக்கோ துணையாகச் செல்ல நேர்ந்தால் அது மிகப் பெரிய உதவி. பிரசவ வலியின்போது தொடர்ந்து ஒருவர் உடனிருப்பதைப் பற்றி 2017இல் வெளியான தொகுப்பாய்வு, 15,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 26 ஆய்வுகளைப் பார்த்தது. துணையோடு இருந்தவர்களுக்கு அறுவைப் பிரசவம் குறைவாக இருந்தது. அவை பல நாட்டுப் பெண்களைப் பற்றியவை என்றாலும், சொல் நம்பப்படாத அறையில் இரண்டாவது சாட்சியின் பயன் இன்னும் கூடுதலாகவே இருக்கும். கையில் குறிப்பேடு வைத்திருங்கள். வலி எப்போது தொடங்கியது, யாரிடம் சொன்னார், அவர் எத்தனை மணிக்கு வந்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் உங்களைப் பார்த்துப் பேசினால், கேள்வியைப் படுக்கையில் இருப்பவரிடமே திருப்பிவிடுங்கள்.